ஆறு மணி நேரம் வாய் மூடியிருந்தவள்

பிஜித் தீவின் தவுவாவில் ரோஷனியைத் தெரிந்தவர்கள் யாரைக் கேட்டாலும் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். நவுசோரி மார்க்கெட்டில் பாகற்காயும் கத்தரிக்காயும் கூவி விற்ற தாய்க்குப் பிறந்தவள். வாய் இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். கல்யாணமாகி வந்த முதல் வாரமே, கரும்பு லாரிக்காரன் வாசலை உழுதுவிட்டுப் போனான் என்று நடுரோட்டில் நின்று அவனை மறித்துக் கேள்வி கேட்டாள். மாமனார் அப்பல்சாமி, "மருமக வரல, ரேடியோ வந்திருக்கு" என்றாராம். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு நாள், காலை ஏழு மணியிலிருந்து மத்தியானம் ஒரு மணிவரை, சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் இருந்தாள். அதற்குள் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டாயிரமாவது வருஷம், ஜூலை இருபத்தொன்பது. மே மாதத்தில் தலைநகர் சுவாவில் இந்திய வம்சாவளிப் பிரதமரைச் சிறைபிடிக்கத் துப்பாக்கியோடு பார்லிமெண்டுக்குள் புகுந்தார்கள் அல்லவா, அதிலிருந்து நாடே கலங்கிக் கிடந்தது. நவுசோரிப் பக்கம் ரோஷனியின் அண்ணன் வீட்டுக் கூரைமேல் கல் விழுந்தது. கட்டியிருந்த பசுவை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். தவுவாவில் அவ்வளவு இல்லை என்றாலும், இருட்டினால் எல்லோரும் கதவைத் தாழ்போட்டுக்கொண்டார்கள். அப்பல்சாமியின் கரும்பு நிலத்துக் குத்தகையும் அந்த வருஷமே முடிந்தது. புதுப்பித்துத் தருகிறோம் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

ரோஷனியின் புருஷன் யோகேந்திரா தங்கச் சுரங்கத்தில் வெல்டர். அவன் எழுதிப் போட்டு, மருத்துவப் பரிசோதனையெல்லாம் முடிந்து, ஆஸ்திரேலியாவில் குடியேறப் புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள் என்று நாலு பேருக்கும் விசா வந்திருந்தது. அதில் ஒரு நிபந்தனை. ஜூலை முப்பத்தொன்றுக்குள் நாலு பேரும் அங்கே போய் இறங்க வேண்டும். ஒரு நாள் தப்பினாலும், போகாதவருடைய விசா செல்லாது. ஊரே கிளம்பிக்கொண்டிருந்த நேரம் அது. இருபத்தொன்பதாம் தேதி விமானத்தை விட்டால் ஆகஸ்ட் பாதிக்கு மேல்தான் இடம் இருக்கிறது என்று டிக்கெட்காரன் கைவிரித்துவிட்டான்.

அன்று காலை ஏழு மணிக்கு மூன்றரை வயதுப் பையன் சச்சினைக் குளிப்பாட்டச் சட்டையைக் கழற்றினாள் ரோஷனி. வயிற்றில் மூன்று கொப்புளம். முத்து முத்தாக, நீர் கோத்து. காதுக்குப் பின்னால் ஒன்று. தொட்டால் உடம்பு சுட்டது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த வீட்டில் அந்த நோயின் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார்கள். ஆத்தா வந்திருக்கா என்பார்கள். வீட்டில் பேசுவதெல்லாம் இந்திதான், ஆத்தா விஷயம் என்றால் மட்டும் அப்பல்சாமிக்குத் தமிழ் வந்துவிடும். வருஷா வருஷம் மாரியம்மன் கோவிலில் தீ மிதிக்கிற மனுஷர். அவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வாசலில் வேப்பிலை கட்டிவிடுவார். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை உள்ளே இருப்பவர் வெளியே போகக் கூடாது, வெளியே இருப்பவர் உள்ளே வரக் கூடாது. அவர் விட்டாலும் விமானத்தில் ஏற்றுவார்களா? மாட்டார்கள். ரோஷனி குளிப்பாட்டவில்லை. கட்டிலின்மேல் யோகேந்திரா எடுத்து வைத்திருந்த கழுத்து மூடிய ஸ்வெட்டரைப் பையனுக்கு மாட்டினாள். சிட்னியில் குளிருமே என்று வைத்திருக்கிறார், நல்ல வேளை, என்று நினைத்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுப் பாலசுப்பிரமணியின் காரில் கிளம்பினார்கள். அப்பல்சாமி வாசலில் நின்று பேரனுக்கு முத்தம் கொடுக்கக் குனிந்தபோது, ரோஷனி எட்டு மாதக் கைக்குழந்தை காஜலை அவரிடம் நீட்டினாள். "முதல்ல இவளுக்குக் குடுங்க மாமா." அதற்குள் சச்சின் காருக்குள் போய்விட்டான். கிழவரை ஏமாற்றிய குற்றம் அவளைச் சுட்டது, ஆனாலும் கதவைச் சாத்தினாள்.

கைக்குழந்தையோடு வெளியூர் போனவர்களுக்கு அது என்ன பாடு என்று தெரியும். பால் புட்டி, ஃபிளாஸ்க், நனைந்த துணிக்கு ஒரு பை, நனையாத துணிக்கு ஒரு பை. பா ஊர் வளைவுகளில் காஜல் இரண்டு தடவை கக்கினாள். இதெல்லாம் பரவாயில்லை. சச்சின்தான், "அம்மா, அரிக்குது" என்று ஆரம்பித்தான். ரோஷனி அவன் இரண்டு கைகளையும் தன் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பிஸ்கட்டை வாயில் வைத்து, கரும்பு ரயில் வருது பாரு, குதிரை பாரு என்று எதையாவது காட்டிக்கொண்டே வந்தாள். முன் இருக்கையில் யோகேந்திரா திரும்பியே பார்க்கவில்லை.

லவுத்தோக்கா நகருக்கு இந்தப் பக்கம் சாலையை மறித்து ராணுவம் நின்றது. பெட்டிகளை இறக்கச் சொன்னார்கள். வாட்டசாட்டமான ஒரு பிஜியச் சிப்பாய், அந்தப் பக்கத்து ஆள் போல, நல்ல இந்தியில் கேட்டான்.

"எங்க போறீங்க?"

"ஏர்போர்ட்டுக்கு," என்றான் யோகேந்திரா.

"எல்லாரும் போயிட்டா கரும்ப யாரு வெட்டுவா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். பிள்ளைகள் என்றால் பிஜியர்களுக்கு உயிர். காருக்குள் கையை விட்டுச் சச்சினை அலாக்காகத் தூக்கித் தலைக்குமேல் உயர்த்தினான். ஸ்வெட்டர் மேலே ஏறியது. காலையில் மூன்றாக இருந்தது இப்போது பத்துப் பதினைந்து.

ரோஷனி காரைவிட்டு இறங்குவதற்குள் யோகேந்திரா பாய்ந்து பையனை வாங்கி, ஸ்வெட்டரைக் கீழே இழுத்துவிட்டான். "வேர்க்குரு," என்றான்.

சிப்பாய் அவனைப் பார்த்தான். ரோஷனியைப் பார்த்தான். "என் பொண்ணுக்கும் போன மாசம் இதே வேர்க்குருதான். பதினோரு நாள் இருந்துச்சு." பிறகு கார்க் கூரையை இரண்டு தட்டுத் தட்டினான். "போங்க. போய் நல்லா இருங்க."

கார் நகர்ந்தது. ஸ்வெட்டர் குளிருக்காக எடுத்து வைத்ததில்லை என்று ரோஷனிக்கு அப்போதுதான் உறைத்தது. பாலசுப்பிரமணி காதில் விழாமல் முன்பக்கம் சாய்ந்து கேட்டாள்.

"எப்பப் பாத்தீங்க?"

"நேத்து சாயங்காலம்."

"ஏன் சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

திருட்டில் கூட்டுச் சேர்ந்தவர்கள்போல விமான நிலையம் இருக்கிற நாந்திவரைக்கும் இருவரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

விமான நிலையத்தில் கால் வைக்க இடமில்லை. வரிசை மெல்ல நகர்ந்தது. கவுண்டர்ப் பெண் காஜலைப் பார்த்துவிட்டு, "கைக்குழந்தையா? முன் வரிசை தர்றேன். அங்கதான் தொட்டில் மாட்டலாம்," என்றாள். இடங்களைக் குறித்துவிட்டு, குழந்தை இவ்வளவு சின்னதாக இருக்கிறதே என்று யோகேந்திராவின் கையெழுத்துக்காக ஏதோ ஒரு படிவத்தைத் தேடினாள். இன்னும் பத்து நிமிஷம். பெட்டி உள்ளே போய்விட்டால் போதும்.

பக்கத்துக் கவுண்டரில் ஒரு சின்னப் பெண், தோளில் பை, நெஞ்சோடு ஒரு துணிப் பொதி. "அக்கா, நீங்களும் தொட்டில் சீட்டா? அப்ப நாம பக்கத்துல பக்கத்துல," என்றாள். முகம் மலர்ந்துவிட்டது. பெயர் அஷ்னா. புருஷன் முன்னாலேயே போய்விட்டான், பிரசவத்துக்காக இவள் தங்கிவிட்டாள். "தனியாப் பிள்ளையத் தூக்கிட்டு எப்படிப் போறதுன்னு ராத்திரியெல்லாம் தூக்கமில்லக்கா. உங்களப் பாத்ததும் நிம்மதியாயிருச்சு. ஒரு நிமிஷம் பிடிங்க, கையெழுத்துப் போட்டுர்றேன்."

கேட்காமலே பிள்ளையை ரோஷனியின் கையில் வைத்துவிட்டாள். காஜலை யோகேந்திரா வைத்திருந்தான். ரோஷனி குனிந்து பார்த்தாள். சுருங்கிய முகம், மூடின கண், வாயோரத்தில் பால். எடையே இல்லை.

"எத்தன நாள் ஆச்சு?"

"இருபத்தெட்டு. இன்னும் ஒரு ஊசிகூடப் போடல."

சச்சின் எட்டிப் பார்த்து, "பாப்பா" என்று அந்தப் பாதத்தை முத்தமிட்டான்.

முத்தம் கொடுத்தாகிவிட்டது. இனி சொல்லி என்ன, சொல்லாமல் என்ன என்று ரோஷனியின் ஒரு மனசு சொன்னது. நாலு மணி நேரம்தானே, ஒட்டாமலே போகலாம் என்றது. நவுசோரி அண்ணன் கூரையை நினைத்துக்கொள் என்றது. யோகேந்திரா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்பதுபோல மெல்லத் தலையை ஆட்டினான். அவள் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் அவன் பேச்சைக் கேட்கவில்லை.

"அஷ்னா, பிள்ளைய வாங்கிக்க. என் பையனுக்கு அம்மை போட்டிருக்கு."

அஷ்னா பிள்ளையைப் பறித்துக்கொண்டாள்.

"தெரிஞ்சேவா தூக்கிட்டு நின்னீங்க?"

"தெரிஞ்சுதான்."

நீயெல்லாம் ஒரு தாயா என்று அஷ்னா அழுதுகொண்டே கேட்டாள். வரிசையில் இருந்தவர்கள் இரண்டடி விலகினார்கள். கவுண்டர்ப் பெண் டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் ஸ்வெட்டரைத் தூக்கிப் பார்த்து, கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை விமானம் கிடையாது என்றார். ஒரே வீட்டில் இருந்த காஜலுக்கும் ஒட்டியிருக்கும், அவளும் போக முடியாது; இப்போதுதான் பட்ட அஷ்னாவின் பிள்ளை போகலாம். தாய் இல்லாமல் பிள்ளைகள் இருக்க முடியாது. சின்ன வயசிலேயே அம்மை போட்ட யோகேந்திரா மட்டும் போகலாம்.

"பத்து நிமிஷம்," என்றான் யோகேந்திரா. "பத்து நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா? ஊர்ல எல்லாத்துக்கும் பேசுறவ, இன்னைக்கு ஒரு நாள் பேசாம இருந்திருக்கக் கூடாதா?"

"இருந்தேனே," என்றாள் ரோஷனி. "காலைலேர்ந்து இருந்தேன். நீங்க போங்க. ஒருத்தராவது உள்ள போனாத்தான் எங்களுக்குத் திரும்ப எழுதிப் போடலாம்."

தரையில் பெட்டியைத் திறந்து போட்டு, அங்கேயே பிரித்தார்கள். அவன் சட்டைகளை ஒரு பக்கம், பிள்ளைகள் துணியை ஒரு பக்கம். அவசரத்தில் காஜலின் கம்பளிக் குல்லா அவன் பெட்டிக்குள் போய்விட்டது. பிறகு அதைத் தேடித் தேடி அவள் அலுத்துப்போனாள். அவன் உள்ளே போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. கோபமா, அழுகையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஐந்து நிமிஷத் தூரத்தில் வோட்டுவாலேவுவில் அத்தை வீடு இருந்தது. அம்மையோடு யார் வீட்டுப் படி ஏறுவது? வெளியே இன்னும் காத்திருந்த பாலசுப்பிரமணியைக் கேட்டாள். அவன், காரில் காலையிலேயே ஆத்தா வந்துவிட்டாள், இனி என்ன இருக்கிறது என்று ஏறச் சொன்னான். தவுவா போய்ச் சேரும்போது நாலரை மணி.

அப்பல்சாமி ஒன்றும் கேட்காமல் பேரனின் ஸ்வெட்டரைத் தூக்கிப் பார்த்தார்.

"ஆத்தாவ ஸ்வெட்டருக்குள்ள மூட்டை கட்டிப் பிளேன்ல ஏத்தப் பாத்தியா?"

ரோஷனி வாயைத் திறக்கவில்லை. மருமகள் பதில் பேசாதது அவரைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். "சரி, உள்ள வா. பிள்ளைங்க பசியா இருக்கும்," என்றார்.

ஜூலை முப்பத்தொன்று வந்தது, போனது. மறுபடி எழுதிப் போட்டு, மறுபடி பரிசோதித்து, அவளும் பிள்ளைகளும் சிட்னி போய்ச் சேர இரண்டு வருஷமும் ஏழு மாதமும் ஆயிற்று. காஜல் நடந்தது, பேசியது, பல் முளைத்தது எதையும் அவள் அப்பன் பார்க்கவில்லை. அதற்காக அவனுக்குள் கோபம் இருந்தது. இல்லை என்று ரோஷனி ஒருநாளும் சொன்னதில்லை.

ஆனால் முதல் மாதம் அவளைத் தின்றது விசா இல்லை. பதினாலாம் நாள் காஜலுக்கு உடம்பெல்லாம் பூத்தது. ரோஷனி வேப்பிலையால் தடவிக்கொண்டே கணக்குப் போட்டாள். அஷ்னாவின் பிள்ளைக்கும் இதே நாள்தானே. எட்டு மாதப் பிள்ளையே இப்படித் துவண்டு கிடக்கிறதே, அதற்கு இரண்டு மாதம்கூட ஆகவில்லையே என்று ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை.

நாலாவது வாரம் பக்கத்து வீட்டுக்குப் போன் வந்தது. யோகேந்திரா பிள்ளைகளை விசாரிப்பதற்குள் அவள் கேட்டாள்.

"அந்தப் பிள்ளைக்கு வந்துச்சா?"

"வந்துச்சு. நீ சொன்னதால இறங்கின அன்னைக்கே நேரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போட்டிருக்காங்க. லேசா நாலஞ்சு கொப்புளம். சரியாயிருச்சு."

"அவ?"

"இங்க ஒரு கடையில பாத்தேன். அத்தனை பேர் முன்னால நின்னு உன்னைத் திட்டினா. நீ கையில வாங்குறப்பவே சொல்லியிருக்கணுமாம். நான் தலையக் குனிஞ்சுக்கிட்டு வந்துட்டேன்."

ரோஷனி போனைப் பிடித்தபடியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். நாலு வாரமாக வராத அழுகை வந்தது.

"திட்டட்டுங்க," என்றாள். "திட்டிட்டு வீட்டுக்குப் போய்த் தூக்கி வச்சுக்கிறதுக்குப் பிள்ளை இருக்குல்ல."