கார்ப்பெட்டைக் காப்பாற்றியவர்

எங்கள் காரின் தரையில் ஒரு கார்ப்பெட் இருக்கிறது. கார் வாங்கிப் பல வருடம் ஆகியும் அதன் நிறம் எனக்குச் சரியாகத் தெரியாமலே இருந்தது. புதிதாக வந்தபோது அதன்மேல் விரித்திருந்த பிளாஸ்டிக் தாளை என் கணவர் கிழிக்க விடவில்லை. தாளின்மேல் கம்பெனி கொடுத்த துணி மேட். துணி மேட் அழுக்காகிவிடக் கூடாதென்று அதன்மேல் ரப்பர் மேட். மழை வந்தால் ரப்பர் மேட்டின்மேல் செய்தித்தாள். இத்தனைக்கும் மேலே, கடைசியில்தான் என் கால்.

கிறுக்குத்தனம் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் காரணம் தெரிந்து தொலைத்திருக்கிறதே. 2015 வெள்ளத்தில் முடிச்சூரில் எங்கள் பழைய கார் ஸ்டியரிங் வரைக்கும் மூழ்கிக் கிடந்தது. தண்ணீர் வடிந்ததும் மனிதர் அதன் கார்ப்பெட்டை உரித்தெடுத்து மொட்டை மாடியில் காயப்போட்டார். பினாயில் ஊற்றித் தேய்த்தார். மறுபடி காயப்போட்டார். சேற்று நாற்றம் போகவேயில்லை. கடைசியில் காயலான் கடைக்காரர் வண்டியை இழுத்துக்கொண்டு போனபோது கேட்டைப் பிடித்தபடி நின்றார். அழவில்லை. அன்றைக்கு அழுது தீர்த்திருந்தால் அடுத்த காரில் என் உயிரை எடுத்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

போன வருடம் அவருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. கொஞ்ச நாள் வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னார். ஸ்டியரிங் என் கைக்கு வந்தது. வாய் மட்டும் அவரிடமே இருந்தது. பிரேக் போடு, கியர் மாற்று, அந்த ஆட்டோவை நம்பாதே என்று பக்கத்து சீட்டிலிருந்து ஓட்டிக்கொண்டே வருவார். அவருடைய தலையாய புகார் என் இடது காலைப் பற்றியது. தாம்பரம் நெரிசலில் ஓட்டப் பழகியவள் நான். ஒரு அடி நகர்ந்து ஒரு அடி நின்று பழகியதில், தேவை இருக்கிறதோ இல்லையோ, என் இடது கால் கிளட்ச்மேல் போய் உட்கார்ந்துவிடும்.

"கிளட்ச் மேல கால வச்சுட்டே ஓட்டாதன்னு எத்தன வாட்டி சொல்றது? பிளேட்டு தேஞ்சுடும்."

அவர் சொல்வது சரிதான். அதனாலேயே இன்னும் கோபம் வரும்.

எங்கள் மகளுக்குச் சிறுசேரியில் வேலை. அங்கேயே பக்கத்தில் ஒரு ஃப்ளாட்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் வஞ்சிரக் குழம்பு வைத்துத் தூக்கில் ஊற்றி அவளுக்கு எடுத்துப் போவோம். அப்படி ஒரு ஞாயிறு நான் குழம்பைக் கொதிக்கவிட்டு வெளியே வந்து பார்த்தால், இவர் கார்க் கதவைத் திறந்து வைத்து, என் சமையலறைக் கத்தரிக்கோலால் ஒரு கறுப்பு ரப்பர் மேட்டை வெட்டிக்கொண்டிருக்கிறார். பெருங்களத்தூர் சாலையோரத்தில் மலிவாகக் கிடைத்ததாம். சுற்றிலும் வரப்பு மாதிரி விளிம்பு தூக்கியிருந்தது. தண்ணீர் கொட்டினாலும் வெளியே போகாதாம். அது ஏதோ பெரிய வண்டிக்கானது. எங்கள் வண்டியில் அடங்குமா? வெட்டிய முனை ஆக்ஸிலரேட்டர் பக்கம் சுருண்டு எழும்பி நின்றது.

துணி மேட்டைப் பிடித்துக்கொள்ளத் தரையில் ஒரு கொக்கி உண்டு. இதற்கு அப்படி ஒன்றும் கிடையாது. காலில் தட்டுகிறது, எடுங்கள் என்றேன். ரெண்டு நாள் மிதித்தால் படிந்துவிடும் என்றார். குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. சண்டை போட நேரமில்லை என்று ஏறி உட்கார்ந்தேன்.

வண்டலூர் வரைக்கும் வழக்கமான நெரிசல். ஊர்ந்துகொண்டே போனதில் மேட் என் குதிகாலோடு கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்திருக்கிறது. கேளம்பாக்கம் சாலையில் திரும்பி, கண்டிகை தாண்டியதும் நெரிசல் குறைந்து ரோடு விட்டது. முன்னால் ஒரு பஸ். அதை முந்த ஆக்ஸிலரேட்டரை நன்றாக மிதித்தேன். முந்தி வந்ததும் காலை எடுத்தேன். வண்டி வேகம் குறையவில்லை.

முதலில் நான் இன்னும் மிதித்துக்கொண்டுதான் இருக்கிறேனோ என்று நினைத்தேன். காலை முழுசாகத் தூக்கினேன். வண்டி இன்னும் வேகம் எடுத்தது. முன்னால் ஒரு தண்ணீர் லாரி, பின்பக்கக் குழாயிலிருந்து சொட்டிக்கொண்டு, மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்புறம் எங்களை நோக்கி வந்தது. வலது பக்கம் எதிர்வண்டிகள். இரண்டு பேரும் இன்றோடு முடிந்தோம் என்று தெளிவாகத் தோன்றியது. மகள் குழம்புக்காகக் காத்திருப்பாள் என்றும் தோன்றியது.

அப்போது என் இடது கால் கீழே போயிற்று. நான் யோசித்துச் செய்தேன் என்று பெருமையடிக்க மாட்டேன். அது எப்போதும்போல் கிளட்ச்மேல்தான் இருந்தது. அமுக்கினேன், அவ்வளவுதான். வண்டியின் இழுப்பு சட்டென்று விட்டது. எஞ்சின் மட்டும் தனியாக அலற ஆரம்பித்தது. கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன். பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்தேன். விட்டு விட்டு மிதித்தால் பிரேக் கல்லாகிவிடும் என்று எப்போதோ கேட்டது மண்டையில் இருந்திருக்கிறது.

இந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் என்ன செய்தார் என்று கேளுங்கள். எஞ்சின் அலறுவது அவருக்குத் தாங்கவில்லை. வெந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே சாவியைத் திருகக் கை நீட்டினார். ஓடுகிற வண்டியில் சாவியை அணைத்தால் ஸ்டியரிங் கனத்துவிடும், பிரேக்கின் பலமும் போய்விடும். கையைத் தட்டிவிட்டேன். உடனே குனிந்து என் காலடியில் மேட்டைப் பிடித்து இழுக்கப் பார்த்தார். என் பிரேக் காலுக்குக் கீழே அவர் தலை.

"கைய எடுங்க. எதையும் தொடாதீங்க. அந்த ஹஸார்டு லைட்ட மட்டும் போடுங்க."

கல்யாணம் ஆனதிலிருந்து நான் அவரிடம் அந்தக் குரலில் பேசியதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து லைட்டைப் போட்டார். லாரியின் பின்புறம் பக்கத்தில் வந்து, நின்று, பிறகு விலகிப் போயிற்று. வண்டியை மெல்ல இடது ஓரத்துக்கு ஒதுக்கி, மனை விற்பனை போர்டு ஒன்றின் அடியில் முழுவதுமாக நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். அதற்குப் பிறகுதான் சாவியை அணைத்தேன்.

குனிந்து பார்த்தால் ரப்பரின் சுருண்ட முனை ஆக்ஸிலரேட்டரை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் வெட்டிய அதே முனை.

ரோட்டோரம் இளநீர் விற்றுக்கொண்டிருந்தவர் கத்தியோடு வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாக்கா, பிரேக் புடிக்கலியா?" என்று கேட்டார். பிரேக் நன்றாகவே இருக்கிறது, மேட்தான் பேஜார் என்றேன். பைக்கில் போன இரண்டு பேர் நின்று சென்சார் கோளாறு என்றார்கள். யாரோ ஒருவர் திருஷ்டி என்றார். ஆளுக்கொரு காரணம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

என் கணவர் பின் கதவைத் திறந்தார். தூக்கு கவிழ்ந்து, குழம்பு முழுவதும் பின் சீட்டின் அடியில் கொட்டிக் கிடந்தது. அங்கேயும் ஒரு வரப்பு மேட் போட்டிருந்தார். ஒரு சொட்டு வெளியே போகவில்லை. வஞ்சிரத் துண்டுகள் அதில் மிதந்துகொண்டிருந்தன.

"பாத்தியா," என்றார். "மேட் மட்டும் இல்லன்னா கார்ப்பெட் என்ன ஆயிருக்கும்?"

சிரிப்பதா, அந்த மேட்டைத் தூக்கி அவர் தலையில் கவிழ்ப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. என் பக்கம் இருந்த ரப்பர் மேட்டை உருவி எடுத்து மனை போர்டின் அடியில் வீசினேன். துணி மேட்டையும் பிளாஸ்டிக் தாளையும் எடுத்து டிக்கியில் போட்டேன். எஞ்சினை ஆன் செய்யாமலே ஆக்ஸிலரேட்டரைப் பலமுறை அமுக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் தானே எழுந்து வந்தது. திருப்தியான பிறகு கிளம்பினேன். கார்ப்பெட் சாம்பல் நிறம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. போய்ச் சேர்ந்த பிறகு மகளுக்குக் கடையில் பிரியாணி வாங்கினோம். அவளிடம் நடந்ததைச் சொல்லும்போதும் மனிதர் குழம்பில்தான் ஆரம்பித்தார்.

அடுத்த ஞாயிறும் கிளம்பினோம். என் பக்கம் கொக்கியில் மாட்டிய துணி மேட் மட்டும். ஏறியதும் அதை இழுத்துப் பார்ப்பதை இப்போது பழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன். சர்ச் வாசல் சேறு என் செருப்பிலிருந்து ஓரத்துக் கார்ப்பெட்டில் அப்பியது. அவர் பார்த்தார். மூச்சுவிடவில்லை.

கண்டிகை தாண்டியதும் ரோடு விட்டது. என் இடது கால் அது பாட்டுக்குக் கிளட்ச்மேல் ஏறிக்கொண்டது. அவர் கண் அங்கே போனதைக் கவனித்தேன். வாயைத் திறந்தார். ஆரம்பிக்கப் போகிறார் என்று பல்லைக் கடித்தேன். தப்பு என்மேல்தான் என்பதால் காலை எடுக்கவும் செய்தேன்.

"எடுக்காத," என்றார். முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கால் அங்கயே இருக்கட்டும். பிளேட்டு தேஞ்சா மாத்திக்கலாம்."

வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன்.