அத்தான் அணைக்காத சுவிட்ச்

மந்தைவெளியில் என் பழைய லேப்டாப்பில் பெரிய கேம் எதுவும் ஓடாது. தி.நகரில் அக்கா வீட்டுக்காரர் துணி டிசைன் போட ஒரு சர்வர் வைத்திருக்கிறார். அதன் கிராபிக்ஸ் கார்டில் கேம் ஓடும். இங்கிருந்தே நான் விளையாடுவேன். ஆனால் அங்கே மானிட்டர் எரிந்தால்தான் எனக்குப் படம் வரும். அத்தானோ கடைக்குக் கிளம்பும்போது ஒரு சுவிட்சைக்கூட அணைக்காமல் விடமாட்டார். மூன்றாவது முறை பாதி ஆட்டத்தில் படம் போனதும், போனில் கத்திவிட்டேன்.

“யாருமே பாக்காத ஸ்கிரீன் எதுக்குப்பா எரியணும்?” என்றார்.

“நான் பாக்கறேன் அத்தான்!”

ஞாயிற்றுக்கிழமை அங்கே சாப்பிடப் போனேன். மானிட்டர் சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டி, அத்தான் கையெழுத்தில் எழுதியிருந்தது: “மச்சான் விளையாடுகிறான். அணைக்காதே.”

அந்த வீட்டில் சுவிட்சுகளை அணைப்பவர் அவர் ஒருவர்தான்.