சித்தப்பாவுக்கு வந்த ஜாசா

எங்கள் சித்தப்பாவுக்குப் பகலில் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. மாலையில் ராஜா வேலை. நாடக ராஜாதான். அதுவும் பெரும்பாலும் மூன்றாம் காட்சியிலேயே செத்துப்போகிற ராஜா. கடைசிவரை உயிரோடிருக்கும் ராஜாவாக நடிக்க அவருக்கு முதன்முதலாக வாய்ப்பு வந்த அன்றைக்குத்தான் கால்வாய் பெருக்கெடுத்து, தேக்கா சந்தைக்குப் பின்னால் இருந்த எங்கள் கம்பத்துக் குடியிருப்புக்குள் வெள்ளம் புகுந்தது. பிற்பகல் முழுவதும் இடுப்பளவு தண்ணீரில் அக்கம்பக்கத்தாரை ஒவ்வொருவராக முதுகில் சுமந்து மேட்டில் கொண்டுபோய் விட்டார். நாடகம் அவர் இல்லாமலே நடந்தது. அதைச் சொல்லிச் சொல்லி வெகுநாள் புலம்பினார்.

இரண்டு மாதம் கழித்து, சமூக நிலையத்திலிருந்து அவர் பெயருக்கு மலாயில் ஒரு கடிதம் வந்தது. அறுபதுகளின் தொடக்கம், ஊரே தேசிய மொழி படித்துக்கொண்டிருந்த காலம். சித்தப்பாவும் மூன்று மாதம் வகுப்புக்குப் போனவர். எழுத்துக்கூட்டிப் படித்தார். நாள் புரிந்தது, இடம் புரிந்தது. ‘ஜாசா’ என்ற சொல்லில் வந்து நின்றார்.

“அண்ணி, இது நம்ம யசஸ்தான்! நாடகத்துல ராஜா வர்றப்ப, யசஸ் ஓங்குகன்னு கத்துவாங்களே, அந்தப் புகழ். யாரோ என் நடிப்பைப் பாத்திருக்காங்க!”

“பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மாவை ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே” என்றாள் அம்மா.

“ராஜாவுக்கு அர்த்தம் சொல்ல ஆள் வேணுமா?”

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஜிகினா கிரீடமும் ஒட்டு மீசையுமாக அவர் முன்னே நடக்க, பத்து வயதான நான் அவருடைய ராஜா உடுப்பின் சரிகைப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். சமூக நிலையத்தில் எல்லாரும் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். பெயர் கூப்பிட்டதும் சித்தப்பா மேடையேறினார். சிரிப்பு எழுந்தது. அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, “யாரங்கே!” என்று வசனத்தைத் தொடங்கியேவிட்டார். சான்றிதழோடு நின்ற அதிகாரிக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எனக்கோ நாற்காலிக்கடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு மலாய்ப் பெண் கைக்குழந்தையோடு எழுந்து வந்தாள். எங்கள் கம்பத்தின் கடைசி வீட்டுக்காரி. அண்ணன் முறை வைத்து, “அபாங்” என்று சித்தப்பாவை அழைத்தாள். “பிரசவமாகி ஆறு நாள்தான் ஆகியிருந்தது. எங்க ரெண்டு பேரையும் தண்ணியிலேருந்து தூக்கிட்டு வந்தீங்களே, மறந்துட்டீங்களா?” என்று, அவருக்குப் புரிகிற சந்தை மலாயில் கேட்டாள்.

சித்தப்பா கிரீடத்தைக் கழற்றினார்.

“அப்ப, ஜாசான்னா என்ன?”

“நீங்க செஞ்சதுதான்” என்றாள் அவள்.

அவர் கைக்கு வந்த குழந்தை மீசையைப் பிடித்து இழுத்தது. பாதி மீசை கையோடு வந்துவிட்டது. கூட்டம் மறுபடி சிரித்தது. இந்த முறை அவரும் சேர்ந்து சிரித்தார்.

பல வருடங்களுக்குப் பிறகு, வடமொழிச் சொற்கள் ஊர் ஊராய்ப் போன கதையைக் கல்லூரியில் படித்தபோது, சித்தப்பா சொன்னது தப்பில்லை என்று தெரிந்தது. இரண்டும் ஒரே சொல்தான். யசஸ் இந்தியில் யஷ் ஆகிப் புகழாகவே இருந்தது. சயாமுக்குப் போய்ப் பட்டம் பதவியானது. மலாய்க்காரர்களோ புகழை விட்டுவிட்டு, அதற்குக் காரணமான நற்செயலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

அன்று எனக்கு அதெல்லாம் தெரியாது. புகழ் என்று நம்பிப் போனவருக்கு வெறும் உதவிக்கான சான்றிதழைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைத்தேன். அவர் அழுதுவிடக் கூடாதே என்று, வழி முழுக்க அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு வந்தேன். அவரோ எதிரே வந்த எல்லாரையும் நிறுத்தி, தான் தூக்கி வந்த அந்தக் குழந்தை இப்போது எவ்வளவு கனக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.