எட்டாம் நாள் வந்த போயா

நாங்கள் தேயிலைக் கொழுந்து பறித்த காலத்தில் எங்களுக்கு லீவு கொடுத்தது நிலாதான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இலங்கை அரசாங்கம் ஞாயிற்றுக்கிழமை லீவை எடுத்துவிட்டு அமாவாசை, பௌர்ணமி, நடுவில் வரும் இரண்டு அரைநிலா நாட்கள் ஆகியவற்றை வார லீவாக்கி வைத்திருந்தது. போயா லீவு என்று பேர். அதனால் தெமோதரைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் நிலாவைப் பற்றிப் பேச எல்லோருக்கும் வாய் இருந்தது. எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

அமெரிக்காக்காரன் நிலாவில் இறங்கிவிட்டான் என்ற செய்தியை அண்ணன்தான் பதுளையிலிருந்து கொண்டுவந்தான். அங்கே துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளியை நாங்கள் நானா என்போம். அவர் கடை ரேடியோவில் கேட்டானாம். சில நாள் கழித்துப் பத்திரிகைப் படம் ஒன்றையும் கொண்டுவந்து நாங்கள் குடியிருந்த லயத்துச் சுவரில் ஒட்டினான். ஏணியில் ஒருவன் இறங்கிக்கொண்டிருந்தான்.

அண்ணி படத்தை உற்றுப் பார்த்தாள். "எறங்குறவன கீழ நின்னு படம் புடிச்சது யாரு? அவன் ஆத்தாளா?"

அண்ணன் படத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்தான். அட, கேள்வி நல்லாத்தான் இருக்கே என்று எனக்கும் பட்டது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "போனது ஒருத்தன் இல்லயே அண்ணி. மொதல்ல எறங்குனவன் ரெண்டாவது ஆளப் புடிச்சிருக்கலாமே" என்றேன்.

"ஒனக்கு ரொம்பத்தான் வாய் நீளம்டி" என்று அண்ணி முறைத்தாள்.

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. கல்யாணமாகிச் சில வருசமாகியும் பிள்ளை இல்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி நிலா எழும்பும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் விரதம் இருப்பாள். அண்ணனோ, "வெறும் கல்லும் மண்ணும்னு ரேடியோவுலயே சொல்லிட்டான். அதப் பாத்தா பட்டினி கெடக்குற?" என்று கிண்டலடிக்கத் தொடங்கியிருந்தான். அம்மாவும் கூடச் சேர்ந்துகொண்டாள். செய்தி பொய்யாக இருந்தால்தான் அண்ணிக்கு விரதம் மிஞ்சும். பாவம், அவளுக்குப் பிடித்துக்கொள்ள வேறு என்ன இருந்தது?

அந்தச் சமயம் பார்த்து ஒரு போயா எட்டாம் நாள் வந்தது. வழக்கமாக ஏழாம் நாள் வரும் லீவு ஒரு நாள் தள்ளிப் போனது. காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் ஒரே முணுமுணுப்பு. கங்காணி ஒருவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"பின்ன என்ன? வெள்ளைக்காரன் ஏறி நின்ன பாரம். நிலா நகர மாட்டாம கெடக்கு!"

முதலில் சிரித்தார்கள். மலையேறிக் கொழுந்து பறிக்கும் நிரையில் நிற்பதற்குள் அதுவே உண்மையாகிவிட்டது. அதுவரை நம்பாதவர்கள்கூட, "லீவே தள்ளிப் போச்சே, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றார்கள். அண்ணி கூடையை இறக்கி வைத்துவிட்டு, "அப்ப நெசந்தானா?" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

ஆனால் எனக்கு உள்ளே ஏதோ அரித்துக்கொண்டே இருந்தது. அடுத்த முறை பதுளைக்குப் போனபோது, ரவிக்கைத் துணி பார்க்கிற சாக்கில் நானாவிடம் கேட்டேன். அவர் முழக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"எங்கட நோம்பு, பெருநாள் எல்லாம் பொறயப் பாத்துத்தானே தங்கச்சி. ஒரு நாள் முந்தும், ஒரு நாள் பிந்தும். நிலா எப்பவும் அப்பிடித்தான். போன வருசமும் எத்தனையோ தடவ எட்டு நாள் போயா வந்திச்சே, மறந்திட்டீங்களா?"

சுருக்கென்றது. வந்ததுதான்! அப்போதெல்லாம் கவர்மெண்டைத் திட்டினோம். திட்ட அமெரிக்காக்காரன் கிடைத்ததும் அதை மறந்துவிட்டோம்.

ஓடிவந்து அண்ணியிடம் சொன்னேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். "அப்ப யாரும் எறங்கவே இல்ல! நான்தான் அப்பவே சொன்னேனே!"

அங்கே நான் வாயை மூடியிருக்கலாம். முடியவில்லை. "அப்படி இல்ல அண்ணி. பாரத்தால நிலா நிக்கலங்கறது மட்டும்தான் இப்ப தெரியுது. எறங்குனானா இல்லயாங்கறது வேற பேச்சு."

"நீ என்ன நெனைக்கிற?"

"எறங்கியிருப்பான்னுதான் நெனைக்கிறேன்."

"அங்க ஒண்ணுமே இல்லயாமா?"

"கல்லும் புழுதியும்தானாம்."

அவள் அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள். என் வாயில் மண்ணை அள்ளிப் போட்டால் என்ன என்றிருந்தது.

அடுத்த பௌர்ணமி வந்தது. அன்று அண்ணி அடுப்பில் ரொட்டி சுட்டாள், தேங்காய்ச் சம்பல் அரைத்தாள். விரதத்தை விட்டுவிட்டாள் என்றே நினைத்தேன். பொழுது சாயும்போது எங்களுக்குப் பரிமாறிவிட்டு, தான் மட்டும் வாசற்படியில் போய் உட்கார்ந்து மலையைப் பார்த்தாள்.

அண்ணன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "இன்னும் எதுக்குப் பட்டினி? அங்க ஒண்ணுமில்லன்னுதான் ஆயிருச்சே" என்றான்.

அண்ணி திரும்பாமலே சொன்னாள்: "ஒண்ணுமில்லதான். எங்கிட்டயும்தான் ஒண்ணுமில்ல. அதுக்காக என்னைய விட்டுட்டா போயிட்டீங்க?"

அண்ணன் பிய்த்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்தான். எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். நிலா எழும்பும்வரை அவனும் சாப்பிடவில்லை.