நெடுந்தீவுச் சித்தியர்

கங்காரு நாட்டுக்குப் புலம்பெயர்ந்து டண்டினொங்கில் பஸ் ஓட்டிய சபாரத்தினத்துக்கு ஐம்பத்தாறு வயதில்தான் தம் மூதாதையர் யாரென்று தெரியவந்தது. 2011ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் முழங்கால் வலியோடு வீட்டில் இருந்தபோது இணையத்தில் வாசித்தார். கருங்கடலுக்கு வடக்கே, புல்வெளிகளில் குதிரையேறித் திரிந்த சித்தியர் என்னும் நாடோடிகள் இருந்தார்களாம். அவர்களில் ஒரு கூட்டம் வடக்கே போய்ச் சுவீடன்காரர் ஆனதாகப் பழங்கதை. இன்னொரு கூட்டம் தெற்கே வந்திருக்க வேண்டும் என்பதைச் சபாரத்தினம் தாமே கண்டுபிடித்தார். அவர் பிறந்த நெடுந்தீவில் இன்றும் காட்டுக் குதிரைகள் திரிகின்றன. வேறென்ன சான்று வேண்டும்?

"நாங்கள் சித்தியர் வழி வந்த ஆக்கள்," என்று மனைவி தவநாயகியிடம் சொன்னார்.

"எந்தச் சித்தி? வவுனியாவில இருக்கிறவவோ?"

விளக்கிச் சொன்னார். அந்தக் குதிரைகளை வெள்ளைக்காரர் கப்பலில் கொண்டுவந்து விட்டதாகப் பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம் என்றாள் தவநாயகி. வெள்ளைக்காரரும் சித்தியர்தானே என்றார் அவர். அவள் குசினிக்குள் போய்விட்டாள்.

பஸ் டிப்போவில் எரிக் என்றொரு சுவீடன்காரர் இருந்தார். மனைவியை இழந்தவர், அதிகம் பேசாதவர். தேநீர் இடைவேளையில் சபாரத்தினம் அவருக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, தாங்கள் இருவரும் சகோதரர் என்று அறிவித்தார். எரிக் தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு, தன் தங்கையின் பண்ணையில் குதிரைகள் நிற்கின்றன, ஞாயிற்றுக்கிழமை வந்து ஏறிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும் என்றார்.

பண்ணையில் இரண்டு பேர் சேர்ந்து சபாரத்தினத்தைக் குதிரைமேல் ஏற்றினார்கள். அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. குதிரையோ நேரே வைக்கோல் தொட்டிக்கு நடந்து, தலையைக் கவிழ்த்துத் தின்றது. தின்று முடித்து நின்றபடியே தூங்கியும்விட்டது. இறங்கலாமென்றால் முழங்கால் மடங்கவில்லை. எரிக்கின் தங்கை கோப்பியையும் காடியில் ஊறிய மீனையும் மேலே நீட்டினாள்.

"இஞ்சருங்கோ, இறங்கி வந்து சாப்பிடுங்கோ," என்றாள் கூட வந்திருந்த தவநாயகி.

"சித்தியர் குதிரையில இருந்துதான் சாப்பிடுறவை."

கடைசியில் டிராக்டர் பெட்டியைப் பக்கத்தில் நிறுத்தி, அதில்தான் அவரை இறக்கினார்கள். அந்த வாரமே இணையத்தில் சித்தியரை விட்டுக் கிரிக்கெட் பார்க்கத் தொடங்கினார்.

எரிக்குக்கு மட்டும் சந்தேகமே வரவில்லை. அடுத்த தைப்பொங்கலன்று, ஸ்பிரிங்வேல் கடையொன்றில் வாங்கிய வேட்டியைத் தோல் பெல்ட்டால் இறுக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். சகோதரனின் மனைவியை அழைக்கும் தமிழ்ச் சொல்லைப் பாடமாக்கியிருந்தார்.

"மச்சாள்," என்றார் தவநாயகியைப் பார்த்து.

தவநாயகி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பானையைக் கிண்டுவதில் மும்முரமாக இருந்தார்.

"வாங்கோ மச்சான்," என்று அவளே உள்ளே கூட்டிப்போனாள்.

அதற்குப் பிறகு அவர்கள் வீட்டு நல்லது கெட்டது எதுவும் எரிக் இல்லாமல் நடக்கவில்லை. யாராவது எந்த வழியில் சொந்தமென்று கேட்டால் சபாரத்தினம் நழுவிவிடுவார். தவநாயகிதான் பதில் சொல்வாள்:

"இவற்ற பக்கம்."