நான் இல்லாவிட்டால் பத்துப் புள்ளி

மூன்று வருடங்களுக்கு முன், பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேர்ண் நகருக்குப் பக்கத்தில், ஓஸ்டர்முண்டிகனில் இருக்கும் எங்கள் வீட்டு வரவேற்பறையில்தான் இது தொடங்கியது. அன்று யாரும் சண்டை பிடிக்கவில்லை. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. மடிக்கணினியைத் திறந்து நாலைந்து கேள்விகளுக்குப் பதில் போட்டேன், அவ்வளவுதான். ஆனால் அன்றைக்குப் பிறகு பல மாதங்கள் என் மனைவியின் முகத்தை நேராகப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

முதலில் எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் இலங்கையில் சிவில் எஞ்சினியராகப் படித்து, வீதி போடும் வேலைகளில் சில வருடங்கள் இருந்தவன். கலியாணம் செய்துதான் சுவிசுக்கு வந்தேன். என் மனைவி பன்னிரண்டு வயதில் தாய் தகப்பனோடு அகதியாக இங்கே வந்தவள். இங்கேயே படித்து, பெரிய வைத்தியசாலை ஒன்றில் தாதியாக இருக்கிறாள். வந்த புதிதில் என் பட்டத்தை இங்கே ஏற்றுக்கொள்ள வைப்பதற்காக அலைந்தேன். டொச், அதாவது ஜெர்மன் மொழி, காணாது, இன்னும் படிக்க வேண்டும் என்றார்கள். அதற்குள் மகள் பிறந்துவிட்டாள். கொஞ்ச நாளைக்கு என்று சொல்லிக்கொண்டு, மனைவி வேலை செய்யும் அதே வைத்தியசாலையின் குசினியில் கோப்பை கழுவச் சேர்ந்தேன். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

பல்கலைக்கழகத்தில் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பன் மெல்பேர்ணில் இருக்கிறான். அவுஸ்திரேலியாவில் வயது, படிப்பு, மொழி, அனுபவம் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி கொடுப்பார்கள், வேண்டிய புள்ளி சேர்ந்தால் நிரந்தர வதிவுரிமையே கிடைக்கும், இங்கே வந்தால் நீ திரும்பவும் எஞ்சினியர்தான் என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். நான் பார்ப்போம், பார்ப்போம் என்று தள்ளிப்போட்டேன். அன்றுதான் அவன் அனுப்பிய பக்கத்தைத் திறந்தேன். முதல் கேள்வி வயது. எனக்கு நாற்பத்தைந்து முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள் விண்ணப்பிக்க முடியாது என்று ஒரு வரி வந்தது. என் படிப்பைப் பற்றி அது கேட்கவே இல்லை.

பக்கத்தில் மனைவி உடுப்பு அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள்.

“எனக்கும் ஒருக்காப் போட்டுப் பாருங்கோவன், சும்மா பம்பலுக்கு” என்றாள்.

போட்டேன். அவளுடைய வயதுக்குப் புள்ளி, தாதிப் படிப்புக்குப் புள்ளி, வேலை செய்த வருடங்களுக்குப் புள்ளி என்று ஏறிக்கொண்டே போனது. கடைசியில், துணை இருக்கிறாரா என்று ஒரு கேள்வி. இல்லையென்றால் பத்துப் புள்ளி. துணை இருந்து, அவருக்கு ஓரளவு ஆங்கிலம் தெரிந்தால் ஐந்து. தெரியாவிட்டால் ஒன்றுமே இல்லை. என் வயதில் என் பட்டத்துக்கு அங்கேயும் மதிப்பில்லை.

“நான் இல்லாவிட்டால் உமக்குப் பத்து” என்றேன்.

“அப்ப உங்களை வைச்சிருக்கிறது எனக்கு நட்டம்!” என்று சொல்லி, அயர்னைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் என் சிரிப்பு தொண்டைக்கு மேலேதான் இருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். அதுவரை எனக்கு அவள்மேல் பொறாமை வந்ததே இல்லை. அவளுக்கு என்னைவிடச் சம்பளம் கூட, அவள் டொச் நன்றாகப் பேசுவாள், வீட்டுக்கு வரும் உத்தியோகபூர்வக் கடிதங்களுக்கெல்லாம் அவள்தான் பதில் எழுதுவாள். இருந்தும் எனக்கு ஒன்றுமே தோன்றியதில்லை. ஏனென்றால் சொந்தக்காரர் எல்லோருக்கும் நான் எஞ்சினியர் மாப்பிள்ளை. ஏப்ரன் கட்டிக்கொண்டு குசினியில் நின்றாலும், எனக்குள்ளே நான் எஞ்சினியர், அவள் தாதி. நான் இறங்கி வந்து நிற்கிறேன், அவள் நின்ற இடத்தில் நிற்கிறாள் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பை அதுவரை யாரும் கேள்வி கேட்டதில்லை. முன்பின் தெரியாத ஒரு நாட்டின் கணினிப் பக்கம் கேட்டுவிட்டது.

அடுத்த நாள் வேலையில் எல்லாம் வேறாகத் தெரிந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் வைத்தியர்களோடு ஒரே மேசையில் இருந்து பேர்ண் டொச்சில் மளமளவென்று கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். முன்பென்றால் பெருமையாகப் பார்த்திருப்பேன். அன்று அவள் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டிதான் கண்ணில் பட்டது. அதில் பெயருக்குக் கீழே பதவியும் இருந்தது. என்னுடையதில் பெயர் மட்டும். என்னைக் கண்டு கை காட்டினாள். காணாதவன் போல உள்ளே போய், கழுவும் இயந்திரத்தின் சத்தத்துக்குள் நின்றுகொண்டேன்.

விண்ணப்பிப்போம் என்று அவள்தான் முடிவெடுத்தாள். அவள் பெயரில் விண்ணப்பம், நான் அவளோடு சேர்ந்து வருபவன். அதற்கு இரண்டு பேரும் ஆங்கிலப் பரீட்சை எழுத வேண்டும். எனக்கு வேண்டியது சாதாரணப் புள்ளி. அவளுக்கு அதைவிட மேலே. அவள் படித்ததெல்லாம் டொச்சில். நானோ பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் படித்தவன். கடைசியில் எனக்கு ஒரு இடம் கிடைத்தது.

சனிக்கிழமைகளில் மகள் தமிழ்ப் பள்ளிக்குப் போகும் நேரத்தில் அவளுக்குக் கட்டுரை எழுதப் பழக்கினேன். ஒரு வாரம் முழுக்க வேலை செய்த களைப்போடு அவள் எழுதித் தருவாள். நான் சிவப்புப் பேனையை எடுத்துக்கொண்டு உட்காருவேன். ஒரு பிழையையும் விடமாட்டேன்.

“இவ்வளவு பிழையோ?”

“ஓம். இது இங்கிலீஸ் இல்லை. டொச்சிலை யோசிச்சு இங்கிலீஸ் சொல்லுப் போட்டிருக்கிறீர்.”

“சரி, தாங்கோ. திரும்ப எழுதுறன்.”

நான் காட்டிய பிழைகள் எல்லாம் பிழைகள்தான். ஆனால் அவற்றைக் காட்டும்போது எனக்கு ஏற்பட்ட இன்பம் ஒரு வாத்தியாருக்குரியது அல்ல. அவள் தலை குனிந்து திரும்ப எழுதுவதைப் பார்க்கும்போது நெஞ்சு குளிர்ந்தது. அவள் ஒரு நல்ல வசனம் எழுதிவிட்டால் அதைப் பாராட்டாமல் அடுத்ததற்குப் போவேன்.

இரண்டு பேரும் ஒரே நாளில் சூரிச்சுக்கு ரயிலில் போய்ப் பரீட்சை எழுதினோம். சில நாட்களில் முடிவு வந்தது. ஒன்பது புள்ளியில் எனக்கு எல்லாவற்றிலும் எட்டுக்கு மேல். அவளுக்கு எழுத்தில் அரைப் புள்ளி குறைந்துவிட்டது.

அவள் திரையில் முடிவைத் திரும்பவும் முதலிலிருந்து வாசித்தாள். தேத்தண்ணி போடுகிறேன் என்று நான் குசினிக்குள் போனேன். உண்மையில் தேத்தண்ணிக்காகப் போகவில்லை. என் முகம் சிரிக்கப் பார்த்தது, அதை ஒளிக்கத்தான் போனேன். அவள் தவறிவிட்டால் நானும் எங்கும் போக முடியாது, என் எஞ்சினியர் கனவும் அதோடு முடிந்தது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் சந்தோசமாக இருந்தது. கேத்தல் கொதிக்கும் சத்தத்தோடு முன்னறையில் அவள் தாயாருக்குப் போன் எடுப்பது கேட்டது.

“அம்மா, இவருக்கு எல்லாத்திலையும் எட்டுக்கு மேலை! ஓம், எல்லாத்திலையும்! நானோ? நான் எழுத்திலை கோட்டை விட்டிட்டன், அது கிடக்கட்டும். எட்டு எண்டால் சும்மாவே?”

அந்தக் குரலில் நடிப்பு இல்லை. எனக்குத் தேத்தண்ணியைக் கொண்டுபோய்க் கொடுக்கக் கால் எழவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பின்நேரம் பேர்ணில், ஒய்ரோப்பாபிளாட்ஸில் இருக்கும் கோயிலுக்குப் போனோம். பூசை முடிந்து சப்பாத்துப் போடும் இடத்தில், எங்களுக்குத் தெரிந்த ஒரு அண்ணை என் தோளில் தட்டினார்.

“என்ன எஞ்சினியர், அவுஸ்ரேலியாக்குப் போறியளாமே? படிச்ச ஆக்களுக்கு எங்கையும் கதவு திறக்கும்தானே.”

நான் குனிந்து சப்பாத்து நூலைக் கட்டினேன். மனைவி உண்மையைச் சொல்லப்போகிறாள் என்று காது எரிந்தது. அவள் சொன்னாள்:

“ஓமண்ணை, இவருக்கு எல்லாம் சரி. என்ரை பரீட்சையாலைதான் இழுபடுது.”

நன்றியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் எனக்குள் இருந்த எரிச்சல் இன்னும் மூண்டது. புள்ளியும் அவளிடம், இப்போது பெருந்தன்மையும் அவளிடம். எனக்கென்று மிச்சம் என்ன இருக்கிறது? மகள் அன்று ஒரு சிநேகிதியின் வீட்டில் நின்றாள். நாங்கள் இருவரும் மட்டும் ட்ராம் தரிப்பிடத்தில் நின்றபோது வெடித்துவிட்டேன்.

“என்னத்துக்கு அப்பிடிச் சொன்னீர்?”

“வேறை என்ன சொல்ல?”

“உள்ளதைச் சொல்லியிருக்கலாமே. புள்ளியெல்லாம் என்ரை, இவர் என்ரை வாலிலை தொங்கிக்கொண்டு வாறார் எண்டு.”

என் குரல் உயர்ந்திருக்க வேண்டும். பக்கத்தில் நின்ற ஒரு சுவிஸ் அம்மா தன் பையை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றார். ட்ராம் வந்தது, கதவு திறந்தது, மூடியது, போனது. நாங்கள் ஏறவில்லை. மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, நோயாளியிடம் எங்கே நோகிறது என்று கேட்பது போல, கோபமே இல்லாமல் கேட்டாள்.

“உங்களுக்கு என்னிலை பொறாமையோ?”

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“ஓம்” என்று வந்துவிட்டது.

அழுவாள், அல்லது திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பெரிய மூச்சொன்று விட்டாள்.

“அப்பாடா. நான் மட்டும்தான் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்.”

எனக்கு விளங்கவில்லை. தரிப்பிடத்து வாங்கில் உட்கார்ந்து அவள் சொல்லத் தொடங்கினாள். இங்கே பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கணக்கு மிக நன்றாக வருமாம். கிம்னாசியம் என்ற மேல்நிலைப் பள்ளிக்குப் போய், அங்கிருந்து பல்கலைக்கழகத்தில் கணக்குப் படிக்க வேண்டும் என்பது ஆசை.

“வாத்தியார் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார், பிள்ளைக்கு டொச் காணாது, பராமரிப்பு வேலை பழகினால் நல்லது எண்டு. அப்பாவுக்கு விளங்கினது அந்த ‘நல்லது’ எண்ட சொல்லு மட்டும்தான். தலையை ஆட்டிப்போட்டு வந்திட்டார். எனக்கு எல்லாம் விளங்கினது. ஆனா நான் சின்னப்பிள்ளை, என்னத்தைச் சொல்ல?”

“இதை ஒருநாளும் எனக்குச் சொல்லேல்லையே.”

“என்னெண்டு சொல்ல? கலியாணம் பேசேக்கை மாப்பிள்ளை எஞ்சினியர் எண்டு சொன்னவுடனை எனக்கு வந்தது சந்தோசம் இல்லை, எரிச்சல். நீங்கள் உங்கடை கம்பஸ் பட்ச் பெடியளோடை போனிலை சிரிச்சுக் கதைக்கேக்கை நான் ஏன் எழும்பிப் போய் உடுப்பு மடிக்கிறனான் எண்டு நினைக்கிறியள்? அந்தச் சிரிப்பைக் கேட்க ஏலாமல்தான். நீங்கள் கோப்பை கழுவினாலும் ஒருகாலத்திலை விரும்பினதாய் இருந்தனீங்கள். நான் விரும்பினது ஒருநாளும் ஆகேல்லை. இப்ப அந்தத் தாதி வேலைக்குப் போய்ப் புள்ளி குடுக்கிறாங்கள், நீங்கள் அதுக்குப் போய்ப் பொறாமைப்படுறியள்!”

கடைசி வசனத்தைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அவுஸ்திரேலியா போவதில் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறாள் என்றும் அப்போதுதான் சொன்னாள். எனக்காக மட்டும் இல்லையாம். புது நாட்டில், புது மொழியில், யாரும் வாத்தியாரின் பேச்சைக் கேட்டுத் தலையாட்டாமல், இன்னொரு தரம் தொடங்கலாம் என்ற எண்ணம் அவளுக்கும் இருந்திருக்கிறது.

பனிக்குளிரில் கை விறைத்துப்போயிருந்தது. அவள் கையைப் பிடித்து என் ஜக்கட் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டேன். பல ட்ராம்கள் போன பிறகுதான் ஏறினோம்.

அடுத்த சனிக்கிழமை திரும்பவும் கட்டுரைக்கு உட்கார்ந்தோம். அன்று அவள் எழுதியதை முதலில் பேனையைத் தொடாமல் முழுதாக வாசித்தேன். நல்ல வசனங்கள் பல இருந்தன. இவ்வளவு நாளும் இருந்திருக்க வேண்டும். நல்லாயிருக்கு என்று ஒரு இடத்தில் சொன்னதும், அவள் உண்மையாகவோ என்று இரண்டு தரம் கேட்டாள். அந்தக் கேள்விதான் எனக்குச் சிவப்பு மையைவிட அதிகமாகக் குத்தியது.

இரண்டாம் தரம் அவள் வேண்டிய புள்ளியை எடுத்தாள். பிறகு தகுதிச் சான்றுகள், மருத்துவப் பரிசோதனை, காத்திருப்பு என்று காலம் போய், இந்த வருடத் தொடக்கத்தில் நிரந்தர வதிவுரிமை கிடைத்தது. மகளின் பள்ளி கோடையில் முடிந்ததும் புறப்படுகிறோம். அங்கே எனக்கு வேலை நிச்சயம் என்று யாரும் எழுதித் தரவில்லை. இந்த வயதில் யார் எடுப்பார்கள் என்ற பயம் இருக்கிறது. முதலில் அவள் தாதியாக உழைப்பது, நான் ஒரு வேலையில் காலூன்றியதும் அவள் படிக்கப் போவது என்று பேசி வைத்திருக்கிறோம். பல்கலைக்கழகங்களின் பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, கணக்குப் பாடங்களின் பெயர்களை அவள் எனக்கு வாசித்துக் காட்டுகிறாள். இந்த வயதில் இவள் மாணவியாகப் போகிறாளே என்று எனக்குத் திரும்பவும் எரிகிறது. இப்போது அதை உடனேயே சொல்லிவிடுகிறேன். “நல்லா எரியட்டும்” என்கிறாள்.

பொறாமை என்பது தூரத்தில் வசதியாக இருக்கும் யாரோ மேல் வருவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒரே கூரையின் கீழ் இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் பொறாமைப்பட்டபடி, அதைச் சொல்லாமலே இத்தனை வருடம் சிரித்துப் பேசி வாழ்ந்திருக்கிறோம் என்பதும், ஒரு ட்ராமை நேரத்துக்குப் பிடித்திருந்தால் இன்னும் அப்படியே வாழ்ந்திருப்போம் என்பதும் இன்றைக்கும் என்னைப் பயப்படுத்துகிறது.