துரு எதிர்ப்புத் தேநீர்

ரேடியேட்டர் அண்ணன் கிரீன் டீ குடித்தே இதய அடைப்பைக் கரைத்துவிட்டார் என்று தெரு முழுக்கப் பேச்சு. டயர் கடையில் ஒரு அடைப்பாக இருந்தது மருந்துக் கடைக்கு வருவதற்குள் மூன்றாகிவிட்டது. கரைந்ததைப் பார்த்தவர் யாருமில்லை. பார்த்தவரைத் தெரிந்தவர்கள் ஏராளம். என் காரின் ரேடியேட்டர் ஒழுகியதைச் சாக்காக வைத்து விசாரிக்கப் போனேன்.

கடை என்பது ஈயப்பற்று வாசனை, பிரித்துப்போட்ட ரேடியேட்டர்கள், நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி. ரேடியேட்டரை அதில் முக்கி, குமிழி வரும் இடத்தில் விரலை வைப்பார். இருபது வயதில் தொடங்கிய வேலை. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்து முகம் வெந்தபோதுகூட மறுநாள் கடை திறந்தவர், போன வருடம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இந்தத் தொட்டியோரமாகத்தான் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் இதயக் குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைத்து, தினமும் மாத்திரை தவறக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

பக்கத்து லேத்காரரிடம் இரவல் வாங்கிய ஃபிளாஸ்க்கிலிருந்து ஊற்றிக் குடித்தபடியே விளக்கினார். போனில் பார்த்தாராம், கிரீன் டீயில் ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கிறதாம்.

"ஆக்ஸிடேஷன்னா துருங்க. அதுக்கு எதிரின்னா துருவுக்கு எதிரி. இத எனக்கு யாராவது சொல்லித் தரணுமா?"

மாத்திரையும் போடுகிறாரா என்று கேட்டேன்.

"உள்ள கழுவுற ஃப்ளஷ் ஓடும்போது யாராவது கூலன்ட் ஊத்துவாங்களா? ரெண்டும் கலந்தா ரெண்டுமே கெட்டுப்போயிடும்."

சாப்பாட்டுப் பையுடன் வாசலில் நின்றிருந்த அவர் மனைவியை நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை.

"தினமும் நான் எடுத்துக் குடுத்தேனே, அதெல்லாம் எங்க போச்சு?"

அண்ணன் தொட்டியைப் பார்த்தார். அண்ணியும் பார்த்தார்.

"ஸ்டென்ட் வச்சது உங்களுக்கா, தொட்டிக்கா?"

சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அண்ணன் சமாளித்திருப்பார். பையை வைத்துவிட்டு அவர் சட்டையை எடுத்து நீட்டினார் அண்ணி; அண்ணன் மாட்டிக்கொண்டார். என் கார் ரேடியேட்டர் இல்லாமல் கிடந்ததால் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழி முழுக்க அண்ணி அவர் மணிக்கட்டை விடவேயில்லை. நாடி பார்க்கத் தெரியாதவர், ஆனாலும் பார்த்துக்கொண்டே வந்தார்.

டாக்டரம்மா ஈசிஜி தாளை நீண்ட நேரம் பார்த்தார். டீயைத் தாராளமாகக் குடிக்கலாம், குடிப்பவர்களுக்குக் கெட்ட கொழுப்பு கொஞ்சம் குறைவதாக ஆய்வுகளும் சொல்கின்றன, ஆனால் அது மாத்திரை ஆகாது என்றார்.

"துரு குழாய்க்கு உள்பக்கம் ஒட்டும். கொழுப்பு குழாய்ச் சுவருக்குள்ளயே போய் உக்காந்துக்கும். எதை ஊத்தினாலும் கழுவ முடியாது. மாத்திரைய விட்டா ஸ்டென்ட்டுக்குள்ள ரத்தம் உறையும். அது எப்ப வேணா நடக்கலாம்."

"இத்தனை நாள் நல்லா ஓடிச்சே டாக்டர்."

"ஒழுகுற ரேடியேட்டரும் கொஞ்ச தூரம் ஓடும்ல?"

வாடிக்கையாளர்களிடம் அண்ணன் தினமும் சொல்கிற வசனம். தாளில் ஏதோ மாறியிருக்கிறது என்று அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள்.

சில நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுபடி ஒரு பரிசோதனை பாக்கி. அதுவரை யாரும் எதுவும் உறுதியாகச் சொல்லமாட்டார்கள். இப்போது மாத்திரையை விழுங்கியதும் நாக்கை நீட்டிக் காட்ட வேண்டும். அண்ணி டார்ச் அடித்துப் பார்க்கிறார். கனமான ரேடியேட்டரைத் தூக்கும்போதெல்லாம் பாதியில் நிறுத்தி, தன் நெஞ்சுக்குள் குமிழி வருகிறதா என்று கேட்பதுபோல் நிற்கிறார் அண்ணன்.

ஆஸ்பத்திரிக்குப் போனதை அண்ணன் யாரிடமும் சொல்லாததால், தெருவில் மட்டும் அடைப்பு இன்னமும் கரைந்துகொண்டே இருக்கிறது. லேத்காரருக்கும் பிரஷர் உண்டு. தானும் மாத்திரையை விட்டுவிடலாமா என்று அவர் கேட்டபோது அண்ணன் முகம் வெளுத்து, "விட்டா கொன்னுடுவேன்" என்றார். ஏன் என்று கேட்டதற்கு அண்ணனுக்கு அவசர வேலை வந்துவிட்டது.

இரவல் ஃபிளாஸ்க்கைக் கழுவிக் காயவைத்திருக்கிறார். கொண்டுபோய்க் கொடுத்தால் டீ என்ன ஆச்சு என்று கேள்வி வரும். அது தொட்டியோரத்திலேயே இருக்கிறது.